விரலா, வயிற்று ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா? நலமான புராஸ்டேட் எதில் எப்படித் தெரிகிறது

மேசைமேல் மூன்று கவர்களை அடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார் அந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 63. முதல் கவரில், முழு உடல் பரிசோதனையின்போது எடுத்த வயிற்று ஸ்கேன்: ‘புராஸ்டேட் பெரிதாகியுள்ளது, கிரேடு 1’. இரண்டாவதில், சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு முன்பு எடுத்த சி.டி.: ‘புராஸ்டேட் இயல்பு’. மூன்றாவது ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவான பி.எஸ்.ஏ. 4.8 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

“மூணும் மூணு மாதிரி சொல்லுது டாக்டர். பேசாம ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டா ஒரே முடிவாத் தெரிஞ்சுருமா?”

ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று சொல்வதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் நான் முதலில் கேட்டது வேறு: “விரல் வச்சு யாராவது பாத்தாங்களா சார்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “ஸ்கேன் இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு…”

அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மூன்று கவர்களும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் புராஸ்டேட் என்ற அந்த ஆண் சுரப்பியின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. எந்தச் சோதனை வேண்டும் என்று முடிவெடுக்க, நலமான சுரப்பி எந்தச் சோதனையில் எப்படித் தெரியும் என்பது தெரிந்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

சுரப்பிக்குள் மூன்று பகுதிகள்

புராஸ்டேட் சிறுநீர்ப்பையின் கழுத்துக்கு அடியில், மலக்குடலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர்த்தாரை அதன் நடுவே துளைத்துக்கொண்டு இறங்குகிறது. ஆங்கிலப் பாடநூல்கள் வால்நட் அளவு என்று எழுதும். நம் கண்ணுக்கு நல்ல பெரிய நெல்லிக்காய் என்று வைத்துக்கொள்ளலாம். இளம் ஆணுக்குச் சுமார் 20 கிராம்; குறுக்கே 4 செ.மீ., மேலிருந்து கீழே 3 செ.மீ., முன்பின்னாக 2 முதல் 2.5 செ.மீ. கிராமும் சி.சி.யும் இங்கே ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த நெல்லிக்காய்க்குள் பகுதிகள் உண்டு. ஜான் மெக்நீல் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1960களின் கடைசியிலிருந்து அறுத்து அறுத்துப் பார்த்து வகுத்துக் கொடுத்த வரைபடத்தைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். பின்பக்கமும் இரு ஓரங்களும் சேர்ந்த புறமண்டலம், இளம் வயதில் சுரப்பித் திசுவில் ஏறத்தாழ 70 விழுக்காடு. விந்துக் குழாய்களைச் சுற்றி மேல்பக்கம் இருக்கும் மையமண்டலம் 25 விழுக்காடு. சிறுநீர்த்தாரையை ஒட்டி இருபுறமும் இருக்கும் மாறுமண்டலம் வெறும் 5 விழுக்காடு. முன்பக்கம் சுரப்பியே இல்லாத தசைநார்த் திரை.

அந்த 5 விழுக்காடுதான் வயதானதும் பெருத்து, சிறுநீர்த்தாரையை நெரித்து, ராத்திரி மூன்று தடவை எழுப்புகிறது. புற்றுநோயோ 10க்கு 7 முறை புறமண்டலத்தில் முளைக்கிறது. அங்கிருந்து தாரை தூரம் என்பதால் ஆரம்பத்தில் சிறுநீர்த் தொல்லை எதுவும் இருக்காது. ‘ஏன் அடிக்கடி ஒன்னுக்கு வருது?’ என்பது ஒரு கேள்வி. ‘புற்று இருக்குமோ?’ என்பது வேறு கேள்வி. முதலாவது உள்ளே இருக்கும் பகுதியைப் பற்றியது, இரண்டாவது பெரும்பாலும் வெளியே இருக்கும் பகுதியைப் பற்றியது. தலைமை ஆசிரியர் இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் வருகிறார்கள்.

விரல்

இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்க வேண்டும். கையுறையில் ஜெல்லி தடவி, ஆசனவாய் வழியாக மலக்குடலுக்குள் ஒரு விரல்; ஒரு நிமிடம்கூட ஆகாது. வலியைவிடக் கூச்சம்தான் பெரிது.

நலமான புராஸ்டேட் விரலுக்கு எப்படித் தெரியும் என்பதை உங்கள் கையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரலின் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து அழுத்துங்கள். கட்டைவிரலின் அடியில் புடைக்கும் சதையை மற்றக் கையின் விரலால் தொட்டுப் பாருங்கள். ரப்பர்போல் கொஞ்சம் இறுகி, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நலமான சுரப்பி அப்படித்தான் இருக்கும். இப்போது கையை முஷ்டியாக மடக்கி, விரல் முட்டி எலும்பைத் தொடுங்கள். சுரப்பியில் ஓர் இடம் அப்படிக் கல்லாகத் தட்டுப்பட்டால் மருத்துவரின் முகம் மாறும். தொட்டாலே துடிக்கும்படி வலித்து, சதை நொசநொசவென்று இருந்தால் அது தொற்று. காய்ச்சலோடு அப்படி இருக்கும்போது அழுத்திப் பிசையவே கூடாது.

மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். இடம் வலம் ஒரே அளவு. நடுவே மேலிருந்து கீழாக ஓர் ஆழமற்ற பள்ளம், நெல்லிக்காயின் கோடுபோல. மலக்குடலின் உட்சவ்வு சுரப்பிமேல் தடையில்லாமல் நழுவும். மேலே இருக்கும் விந்துப் பைகள் சாதாரணமாகத் தட்டுப்படவே படாது. சுரப்பி பெருக்கத் தொடங்கியதும் முதலில் மறைவது அந்த நடுப் பள்ளம்தான்.

விரல் தொடுவது பின்பக்கத்தை, அதாவது புறமண்டலத்தை. புற்று அதிகம் வரும் இடம் என்பதால் அது நல்ல விஷயம். ஆனால் முன்பக்கம் விரலுக்கு எட்டாது, ஆழத்தில் இருப்பதும் தெரியாது. அளவைச் சொல்வதிலும் விரல் மோசம்; பெரிய சுரப்பியைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும்.

தொல்லை எதுவும் இல்லாதவர்களுக்கு, புற்றுநோயைத் தேடுவதற்காக மட்டும் விரல் சோதனை செய்வதில் பயன் இல்லை என்ற கருத்து இப்போது வலுத்துவருகிறது. ஜெர்மனியில் நடக்கும் புரோபேஸ் ஆய்வில் 45 வயது ஆண்கள் 6,537 பேருக்கு விரல் சோதனை செய்தார்கள். 57 பேருக்குச் சந்தேகம் என்று வந்தது. அதன் வழியாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய் மூன்றே மூன்று. அந்த வயதில் விரல் ஒரு சல்லடையாகப் பயன்படாது என்று அதை நடத்தியவர்களே எழுதிவிட்டார்கள்.

அதற்காக விரலை ஒதுக்கிவிடலாமா என்றால், தொல்லையோடு வரும் 60 வயதுக்காரரிடம் நான் ஒதுக்க மாட்டேன். காசு ஆகாது, கருவி வேண்டாம். ஆசனவாயின் இறுக்கம் நரம்புக் கோளாறு உண்டா என்று சொல்லும். மலக்குடலில் வளரும் கட்டி யாரும் தேடாமலே விரலில் தட்டுப்படுவதும் உண்டு. இவற்றை வயிற்று ஸ்கேன் சொல்லாது.

வயிற்று ஸ்கேன்: தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பது

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு புராஸ்டேட்டின் முதல் படம் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்து, சிறுநீர் முட்டி, வரவேற்பறையில் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். அதற்குக் காரணம் இருக்கிறது. நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகத்தான் அடியில் இருக்கும் சுரப்பி தெரியும்.

நலமான சுரப்பி இதில் எப்படி இருக்கும்? சிறுநீர்ப்பையின் கறுப்புக்குக் கீழே, மங்கிய சாம்பல் நிறத்தில், இரு பக்கமும் சமமாக, வரம்பு சீராக இருக்கும் ஓர் உருண்டை. குறுக்குவெட்டில் கொஞ்சம் முக்கோணம்போல. அவ்வளவுதான். மண்டலங்கள் பிரிந்து தெரியாது. ‘வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட் நார்மல்’ என்றால் அளவும் வடிவமும் சரி என்று பொருள். புற்று இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. இதைச் சிவப்பு மையில் எழுதலாமா என்று எனக்குப் பல நாள் தோன்றியதுண்டு.

அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீளம், அகலம், முன்பின் தடிமன் மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்குவோம். 4.2, 3.0, 2.6 செ.மீ. என்றால் 17 சி.சி. வரும். மூன்று இடத்திலும் கோடு போடும் கை 3 மி.மீ. மட்டும் வெளியே தள்ளிப் போட்டால்? 4.5, 3.3, 2.9, அது 22 சி.சி. ஆகிவிடும். சுரப்பி அப்படியேதான் இருக்கிறது, அறிக்கையில் 30 விழுக்காடு வளர்ந்துவிட்டது. போன வருடம் 28 சி.சி., இந்த வருடம் 33 என்று பதறிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காகிதத்தில் போட்டுக் காட்டுவேன்.

25, 30 சி.சி.க்குள் இருந்தால் இயல்பு என்று பொதுவாக எழுதுகிறோம். 60 வயதுக்கு மேல் 35 சி.சி. என்பது தலை நரைப்பது மாதிரிதான். 50களில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சுரப்பியில் இந்த வீக்கத்தின் அடையாளம் நுண்ணோக்கியில் தெரியும். ‘கிரேடு 1’ என்ற சொல் இங்கேதான் தொல்லை தருகிறது. இங்கே அது வீக்கத்தின் அளவு மட்டும்தான்; ஆனால் புற்றுநோய்க்கும் கிரேடு உண்டு, நிலையும் உண்டு. அறிக்கையைப் பேருந்திலேயே பிரித்துப் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக்கி, வீடு போய்ச் சேர்வதற்குள் உயில் எழுதும் மனநிலைக்கு வந்துவிடுகிறார். ஒரு ஸ்கேன் மையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ‘கிரேடை எடுத்துவிட்டு வெறும் சி.சி. எழுதலாமே’ என்று கேட்டேன். கிரேடு இல்லாத அறிக்கையை அனுப்பும் டாக்டர்கள் விரும்ப மாட்டார்கள் என்றார்கள். இன்னும் அப்படியேதான் ஓடுகிறது.

அளவுக்கும் தொல்லைக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. 70 சி.சி. வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு, 28 சி.சி.யோடு திண்டாடுகிறவரும் உண்டு. சுரப்பியின் நடுப்பகுதி மேலே எழும்பிச் சிறுநீர்ப்பைக்குள் மூக்கை நீட்டினால், அது ஒரு மூடிபோல வாயை அடைக்கும். நலமான சுரப்பி பைக்குள் நீட்டிக்கொண்டிருக்காது. பையின் சுவரும் மெல்லியதாக, சீராக இருக்கும்.

இந்த ஸ்கேனின் உண்மையான பலம் இரண்டாவது பாதியில் இருக்கிறது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி படுக்க வேண்டும், பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க. 50 மி.லி.க்குள் இருந்தால் கவலை இல்லை. கூட்டம் அதிகமாக இருக்கும் நாட்களில் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம். மணிக்கணக்கில் அடக்கி, பை அளவுக்கு மேல் விம்மியிருந்தால் நலமானவருக்கும் மிச்சம் நிற்கும். அப்படி வந்தால் இன்னொரு தடவை போய்விட்டு வரச் சொல்லி அளக்க வேண்டும்.

மலக்குடல் வழி ஸ்கேன்

அதே ஒலி அலைதான். ஆனால் கருவி மலக்குடலுக்குள் போய், சுரப்பிக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஜப்பானில் ஹிரோகி வதனபே 1960களின் கடைசியில் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, ஒரு நாற்காலியின் நடுவில் கருவி செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்க, நோயாளி அதன்மேல் உட்கார வேண்டியிருந்தது. இன்று பக்கவாட்டில் படுத்தால் போதும்.

கிட்டே இருப்பதால் மண்டலங்கள் ஓரளவு பிரிந்து தெரியும். நலமான புறமண்டலம் ரவையைத் தூவிப் பரப்பினாற்போல் ஒரே சீராக, கொஞ்சம் வெளிர் சாம்பலாக இருக்கும். உள்ளே இருக்கும் பகுதி அதைவிடக் கறுத்து, கொஞ்சம் கரடுமுரடு. இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் புள்ளிகளாகச் சுண்ணப் படிவுகள் இருக்கலாம். வயதானவர்களிடம் இது மிகச் சாதாரணம், அறிக்கையில் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. மேலே இரு விந்துப் பைகளும் இறக்கை விரித்தாற்போல் கறுப்பாக, சமமாகத் தெரியும்.

புறமண்டலத்தில் கறுத்த திட்டு தெரிந்தால் புற்று என்று முன்பு நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, கறுத்த திட்டுகளில் பல வெறும் அழற்சி, புற்றுகளில் கணிசமானவை சுற்றியுள்ள திசுவின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும் என்று. அதனால் இன்று இதன் முக்கிய வேலை கண்டுபிடிப்பது இல்லை. சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஊசிக்கு வழி காட்டுவதும் அளவைத் துல்லியமாக எடுப்பதும்தான். ‘வயிற்று ஸ்கேனில் சரியாத் தெரியல, அதான் இதையும் எடுத்துருவோம்’ என்று யாராவது சொன்னால், எதைத் தெரிந்துகொள்ள என்று ஒருமுறை கேளுங்கள்.

சி.டி.

சீக்கிரம் முடித்துவிடலாம். சி.டி.யில் நலமான புராஸ்டேட் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு மொத்தை. மண்டலங்கள் பிரியாது. நலமானதும் புற்றுள்ளதும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சிறுநீர்ப்பைக்கும் சுரப்பிக்கும் நடுவே கோடு எங்கே என்று சொல்வதே சில சமயம் கஷ்டம். கல், நிணநீர்க் கட்டிகள், எலும்பு ஆகியவற்றைப் பார்க்க அது நல்ல கருவி. தலைமை ஆசிரியரின் இரண்டாவது கவரில் இருந்த ‘இயல்பு’ என்ற சொல்லுக்கு ‘பார்த்தவரின் கண்ணை உறுத்தும்படி ஒன்றும் இல்லை’ என்பதற்கு மேல் எடை கொடுக்கக் கூடாது. கதிர்வீச்சு வேறு. புராஸ்டேட்டுக்காக மட்டும் சி.டி. எடுக்கச் சொன்னால் நான் காரணம் கேட்பேன்.

எம்.ஆர்.ஐ.

மெக்நீல் கத்தியால் பிரித்துப் பார்த்ததை உயிரோடு இருப்பவரிடம் தெளிவாகக் காட்டுவது இது ஒன்றுதான். அதிலும் எல்லாப் படமும் இல்லை. டி1 என்ற வகைப் படத்தில் சுரப்பி முழுவதும் ஒரே நடுத்தரச் சாம்பல், சி.டி. மாதிரியே ஊமை. பழைய ரத்தக் கசிவு இருந்தால் மட்டும் அதில் வெள்ளையாகக் காட்டும். பயாப்சி முடிந்த கையோடு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த ரத்தமே குழப்பும் என்பதால் 6 வாரமாவது பொறுக்கச் சொல்கிறோம்.

டி2 படம்தான் விருந்து. நீர் நிறைந்த சுரப்பிக் குழல்கள் வெள்ளையாகத் தெரியும் என்பதால் புறமண்டலம் பின்பக்கம் ஒரு வெள்ளைப் பிறையாக ஒளிரும். அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாக உறை. உறைக்கு வெளியே, கடிகாரத்தில் 5 மணியும் 7 மணியும் இருக்கும் இடங்களில், விறைப்புக்கான நரம்புகள் ரத்தக் குழாய்களோடு ஒரு கொத்தாக ஓடும். மேலே விந்துப் பைகள் வெள்ளைத் திராட்சைக் குலைபோல. முன்பக்கத் தசைநார்த் திரை நல்ல கறுப்பு, இரு பக்கமும் சமம்.

உள்ளே இருக்கும் மாறுமண்டலம் வயதுக்கு வயது வேறுபடும். 30 வயதில் அது இருக்கிற இடமே தெரியாது. 60 வயதில் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தாற்போல வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக உருண்டைகள் கலந்து கிடக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அந்த வயதுக்கு அதுதான் இயல்பு. ஒவ்வோர் உருண்டைக்கும் சுற்றிவரக் கோடு போட்டாற்போல் வரம்பு இருந்தால் கவலையில்லை. வரம்பே இல்லாமல், கரியால் போட்ட படத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாற்போல் ஓர் இடம் மங்கிக் கறுத்திருந்தால்தான் நாங்கள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வோம்.

நலமான சுரப்பியே எங்களை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: மையமண்டலம். அது டி2 படத்தில் கறுப்பு, புற்று மாதிரியே. காப்பாற்றுவது அதன் சமச்சீர்தான். விந்துக் குழாய்களின் இரு பக்கமும் ஒரே அளவில், மீசைபோல நிற்கும். ஒரு பக்க மீசையை உள்ளே பெருத்த சுரப்பி நசுக்கிவிட்டால், அனுபவம் குறைந்தவர் மறுபக்க மீசையைப் புற்று என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. புதிதாக வந்த காலத்தில் நானும் அப்படி ஒன்றை எழுதப் போய், மூத்தவர் ஒருவர் தடுத்தார்.

நீரின் அசைவைப் படமெடுக்கும் இன்னொரு வகை இருக்கிறது. நலமான புறமண்டலத்தில் நீர் மூலக்கூறுகள் சந்தை கலைந்த தெருவில் நடப்பதுபோல் தாராளமாக உலாவும். செல்கள் நெருக்கியடித்து நிற்கும் புற்றில் தேர் இழுக்கும் நாளின் மாடவீதிபோல் அசைய முடியாமல் நிற்கும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 1 முதல் 5 வரை பை-ராட்ஸ் மதிப்பெண் போடுகிறோம். 2012இல் வந்த முறை, இப்போது புழங்கும் திருத்தம் 2019இல் வந்தது. 1, 2 என்றால் கவலைக்குரிய புற்று இருக்க வாய்ப்புக் குறைவு. 3 என்றால் இரண்டுங்கெட்டான். 4, 5 என்றால் பயாப்சி ஊசி. இங்கே மதிப்பெண் குறைவாக வாங்குவதுதான் நல்லது என்பதைத் தலைமை ஆசிரியருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இதன் பலத்துக்குச் சான்று வலுவானது. 2017இல் வெளியான பிராமிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, பழைய முறை பயாப்சியும் செய்து, இரண்டையும் மிக நெருக்கமாகக் குத்தி எடுத்த பயாப்சியோடு ஒப்பிட்டார்கள். கவலைக்குரிய புற்றுகளில் 93 விழுக்காட்டை எம்.ஆர்.ஐ. பிடித்தது, பழைய முறை ஊசி பிடித்தது 48 விழுக்காடு. அடுத்த ஆண்டு வெளியான, 500 பேரிடம் நடந்த பிரெசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் குத்திய குழுவில் 38 விழுக்காட்டினருக்குக் கவலைக்குரிய புற்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு 10, 12 இடங்களில் குத்திய குழுவில் 26 விழுக்காடு. சும்மா விட்டாலும் ஒன்றும் செய்யாத சின்னப் புற்றைத் தோண்டி எடுத்துக் கிலி பிடிக்க வைப்பதும் முதல் குழுவில் குறைவாக இருந்தது.

ஆனால் பிராமிஸிலேயே இன்னோர் எண் உண்டு. எம்.ஆர்.ஐ. சுத்தம் என்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கவலைக்குரிய புற்று இருந்தது. ‘ஒரே முடிவாத் தெரிஞ்சுருமா?’ என்ற கேள்விக்கு என் பதில் அதுதான்.

செலவு வயிற்று ஸ்கேனைப்போல் பல மடங்கு. அரை மணி நேரத்துக்கு மேல் குழாய்க்குள் அசையாமல் கிடக்க வேண்டும். பழைய வகை பேஸ்மேக்கர் இருந்தால் ஆகாது. இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தால் நீரசைவுப் படம் கெட்டுவிடும். அண்மைக் காலமாக, நரம்பில் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சுருக்கமான எம்.ஆர்.ஐ.யே பலருக்குப் போதும் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. நேரமும் செலவும் குறையும். படிப்பவரின் கண் பழகியிருக்க வேண்டும் என்பது மட்டும் குறையாது.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் என்று ஒன்றைப் பற்றியும் இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். அதில் நலமான புராஸ்டேட் லேசாகத்தான் மினுங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும்தான் விளக்குப் போட்டாற்போல் எரியும். புற்று உறுதியானவருக்கு, அது வேறு எங்கே பரவியிருக்கிறது என்று தேட அது மிகச் சிறந்த கருவி. சந்தேகத்தோடு வருகிறவரின் முதல் சோதனையாக வைக்க எந்த நியாயமும் இல்லை.

ஒரே 4.8, இரண்டு ஆட்கள்

பி.எஸ்.ஏ. படம் இல்லை, ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் எண். ஆனால் அந்த எண்ணைப் படத்தோடு சேர்த்துப் படிக்காவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. பெரிய சுரப்பி அதிகம் சுரக்கும், அதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அதனால் எண்ணைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பார்க்கிறோம். 0.15க்குக் கீழே வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

தலைமை ஆசிரியரின் வயிற்று ஸ்கேனில் 5.0, 4.0, 3.8 செ.மீ. என்று இருந்தது. பெருக்கினால் கிட்டத்தட்ட 40 சி.சி. 4.8ஐ 40ஆல் வகுத்தால் 0.12. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: முழு உடல் பரிசோதனைக்குப் போன அந்த வாரத்தில் சிறுநீர் எரிச்சலாக இருந்ததாம். சிறுநீர்த் தொற்று பி.எஸ்.ஏ.யைத் தூக்கிவிடும், இறங்க வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சமயத்தில் ரத்தம் எடுத்ததே தப்பு.

அவரை யூராலஜிஸ்ட்டிடம் அனுப்பினேன். விரல் சோதனையில் வழவழப்பு, ரப்பர்போல், பள்ளம் மறைந்திருக்கிறது, கட்டி எதுவும் இல்லை. சிறுநீர் கழித்தபின் மிச்சம் 30 மி.லி. எட்டு வாரம் கழித்து பி.எஸ்.ஏ. 3.1. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. ராத்திரித் தொல்லைக்கு மாத்திரையும், ஏழு மணிக்கு மேல் காபி வேண்டாம் என்ற அறிவுரையும்.

இன்னொருவர், 55 வயது, லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் 4.8. ஒரு தொல்லையும் இல்லை. அவருடைய அப்பாவுக்கு புராஸ்டேட் புற்று இருந்ததால் தானாகவே ரத்தம் கொடுத்துப் பார்த்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தும் இறங்கவில்லை. விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வயிற்று ஸ்கேன் 22 சி.சி., ‘இயல்பு’. அளவு இயல்பாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. 4.8ஐ 22ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.22. அவ்வளவு சின்னச் சுரப்பி இவ்வளவு கசியவிட வேண்டிய தேவை இல்லை. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் பிறை கச்சிதமாக இருந்தது. முன்பக்கத்தில், எந்த விரலும் எட்டாத இடத்தில், தேய்த்துவிட்ட கரிபோல் ஒரு திட்டு. பை-ராட்ஸ் 4. அந்த இடத்தைக் குறிவைத்து பயாப்சி எடுத்தார்கள், புற்று உறுதியானது, உறைக்குள்ளேயே இருந்தது.

ஆகவே என் கணக்கு இப்படி. சிறுநீர்த் தொல்லை என்று வந்தால் விரல், சிறுநீர்ச் சோதனை, கழித்தபின் மிச்சமும் அளக்கும் வயிற்று ஸ்கேன். பெரும்பாலோருக்கு அதற்கு மேல் படம் வேண்டியதில்லை. புற்றுப் பயம் என்றால் பி.எஸ்.ஏ.; கூடியிருந்தால் தொற்று இல்லாத நேரத்தில் மறுபடி ஒருமுறை, அளவால் வகுத்து; அப்போதும் சரியில்லை என்றால் ஊசிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எம்.ஆர்.ஐ.க்குள் போகவே முடியாதவருக்கு மட்டும் அது இல்லாமலே, மலக்குடல் ஸ்கேனின் துணையோடு பயாப்சி. விரலில் கட்டி தட்டுப்பட்டால் இந்த வரிசையெல்லாம் கிடையாது. பி.எஸ்.ஏ. எவ்வளவு குறைவாக இருந்தாலும் மேலே பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலும், அடியோடு அடைத்துக்கொண்டாலும் கட்டுரை படித்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

70 வயது தாண்டி, தொல்லை எதுவும் இல்லாதவருக்கு பி.எஸ்.ஏ. எடுப்பதே வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் சொன்னது. 55 முதல் 69 வரை மருத்துவரோடு பேசி அவரவர் முடிவு. நம் ஊர் முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் இந்தப் பேச்சு நடப்பதே இல்லை. ரத்தம் எடுத்துவிட்டு அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரைகளான பினாஸ்டிரைடு அல்லது டுட்டாஸ்டிரைடு சாப்பிடுகிறவர்கள் அதை ஸ்கேன் எடுக்கும்போதும் ரத்தம் கொடுக்கும்போதும் சொல்ல வேண்டும். அரை வருடத்தில் அவை சுரப்பியைச் சுருக்கி, பி.எஸ்.ஏ.யை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். 2.5 என்று வந்தால் அதை 5 என்று படிக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் போன மாதம் மறுபடி வந்தார், மூன்று கவர் இப்போது ஐந்தாகியிருந்தது. பழைய ஸ்கேன் படங்களையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. போன வருடக் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இந்த வருடம் வளர்ந்ததா இல்லையா என்று எழுத முடியாது. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறிக்கையில் 40, 43 என்று இருந்தாலும் படத்தில் சுரப்பி அசையவில்லை. “கிரேடு எத்தனை போடுவீங்க டாக்டர்?” என்று கேட்டார். சி.சி. மட்டும் எழுதிக் கொடுத்தேன்.